தாதியர் இறுதிப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் பத்திரிகையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதென்றால் தமிழ்ப் பத்திரிகைகளில் மாதிரி வினாத்தாள் வருகிறது, சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் வழிகாட்டிக் கட்டுரைகள் வருகின்றன. தோட்டத்தில் தாய்மார் அதைக் கத்தரித்து எடுத்து, பிள்ளையின் கொப்பிக்குள் வைத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி, மூன்று வருடம் வாட்டிலும் வகுப்பிலும் கஷ்டப்பட்டு இறுதிப் பரீட்சைக்கு வந்து நிற்கும்போது, அவளுக்கென்று தமிழில் யாரும் ஒரு பத்தி எழுதி நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலையகத்து வைத்தியசாலைகளில் தாதியாக வேலை பார்த்து, வாட்டுச் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவள். பரீட்சை நெருங்கினால் இப்போதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். (பிள்ளைகள் என்று நான் சொல்வது ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான், தாதிமாருக்குள் அவர்கள் குறைவாக இருக்கலாம், ஆனால் படிப்பில் அவர்களுக்கும் இதே சிக்கல்தான்.) வரும்போது கையில் ஒரு கட்டு போட்டோ கொப்பி இருக்கும். பழைய வினாத்தாள்களும் யாரோ அக்காமார் எழுதிவைத்த விடைகளும். அதை இரவு பகலாக மனப்பாடம் செய்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புத்தகம் ஆங்கிலத்தில், வாட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில், கட்டிலில் கிடக்கும் ஆச்சி பேசுவது தமிழில். மூன்றுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு மனப்பாடம் ஒன்றுதான் கைக்கு எட்டும் வழியாகத் தெரிகிறது.

ஆனால் மனப்பாடம் செய்தது எங்கே கைவிடும் என்றால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்ட இடத்தில். இதய நோயாளிக்கு டிகொக்சின் மருந்து கொடுக்கும் முன் என்ன பார்ப்பாய் என்று கேட்டால் உடனே பதில் வருகிறது: நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவருக்கு 60-க்குக் குறைந்தால் கொடுக்காமல் நிறுத்தி டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். சரி. அதே நோயாளிக்கு பிரூசமைடும் போகிறது, இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்கிறார், வாந்தி வருகிறது, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார், என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் பேச்சில்லை. பிரூசமைட் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியே கொண்டுபோகும், பொட்டாசியம் குறைந்தால் டிகொக்சின் இதயத்தை இன்னும் அழுத்திப் பிடிக்கும், வழக்கமான அளவே நஞ்சாகிவிடும், அந்த வாந்தியும் மஞ்சள் பார்வையும் அதன் அடையாளம். இந்த ஒரு சங்கிலியை விளங்கிக்கொண்ட பிள்ளை இதயம், சிறுநீரகம், மருந்தியல், இரத்த உப்பு என்று நான்கு பாடத்தை ஒரே இடத்தில் படித்துவிடுகிறாள். சீரம் பொட்டாசியம் 3.5 முதல் 5.0 வரை என்ற எண் அதற்குப் பிறகு தானாக நினைவில் நிற்கும், ஏனென்றால் அந்த எண் இறங்கினால் யாருக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பொட்டாசியம் குளோரைட்டை ஒருபோதும் ஊசியில் நேராக நாளத்துக்குள் தள்ளக்கூடாது, சேலைனில் கலந்து மெதுவாகத்தான் விட வேண்டும், அதற்கு முன் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்கும் காரணம் அதே சங்கிலியில்தான் இருக்கிறது. சிறுநீர் போகாத உடம்பில் பொட்டாசியம் வெளியேற வழியில்லை.

அடிப்படை அறிவைத் திரும்பப் படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். ஆயிரம் விடைகளை ஏற்றிக்கொள்வதல்ல. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் இருக்கிற "ஏன்" என்பதைக் கையில் பிடிப்பது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இன்னொரு கேள்வி வகை இருக்கிறது. நான்கு நோயாளிகளைக் கொடுத்து, முதலில் யாரிடம் போவாய் என்று கேட்பது. நான் வீட்டில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். இரவு டியூட்டி. ஒருவருக்குச் சீனி 240, இன்சுலின் நேரம் வந்துவிட்டது. ஒருவர் ஹேர்னியா சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர், வலி தாங்கவில்லை என்று சத்தம் போடுகிறார். ஒரு பெரியவருக்கு பிரஷர் 160/100. நான்காவது ஆள் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி அரை மணி நேரத்துக்கு முன் கொண்டுவரப்பட்ட பெண், உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது குரல் கம்மிப்போய்த் தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்கிறாள்.

நிறையப் பேர் சத்தம் போடுகிறவரிடம் போகிறார்கள். சிலர் சீனியைப் பிடித்துக்கொள்கிறார்கள், எண் பெரிதாக இருப்பதால். ஆனால் ஏ.பி.சி. என்று முதல் வருடத்திலேயே படித்தது என்ன? மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம். குரல் மாறுகிறது என்றால் குளவி விஷத்தின் ஒவ்வாமையால் மூச்சுவழி வீங்குகிறது. அவளிடம் இருப்பது நிமிடங்கள். மற்ற மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் இருக்கிறது. உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, டொக்டருக்கு அறிவித்து, அதே நேரத்தில் அட்ரினலின் தயாராக வேண்டும்: பெரியவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் 0.5 மில்லிலீட்டர், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். அடங்கவில்லை என்றால் 5 நிமிடத்தில் திரும்பவும் கொடுக்கலாம். ஏன் தொடை? பெரிய தசை, இரத்த ஓட்டம் நல்லது, மருந்து விரைவாக ஏறும். ஏன் அட்ரினலின், அரிப்புக்குக் கொடுக்கிற குளோர்பெனிரமின் போதாதா? போதாது. அது அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், விழுகிற பிரஷரைத் தூக்காது, வீங்குகிற தொண்டையைத் திறக்காது. அட்ரினலின் இரண்டையும் செய்யும், சுருங்கிய நுரையீரல் குழாயையும் விரிக்கும். அவளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார விடலாம், ஆனால் எழுந்து நடக்க விடக்கூடாது, திடீரென எழுந்தால் இதயத்துக்கு வரும் இரத்தம் குறைந்து உயிரே போகலாம். சரியாகிவிட்டாள் என்று உடனே வீட்டுக்கு அனுப்பவும் கூடாது, சில மணி நேரம் கழித்து அந்த ஒவ்வாமை இரண்டாம் முறை வரலாம். குளவிக்கூடு இல்லாத தேயிலை மலை உண்டா? இந்த ஒரு கேள்வியை ஒரு பிள்ளை காரணத்தோடு சொல்லத் தெரிந்துகொண்டால் பரீட்சையில் மார்க்ஸ் மட்டுமல்ல, அவளுடைய சொந்தத் தோட்டத்தில் ஒரு உயிர் மிஞ்சும்.

கணக்குக்கும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சேலைன் சொட்டுக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 500 மில்லிலீட்டரை 4 மணி நேரத்தில் விட வேண்டும், சேலைன் குழாய் செட்டில் ஒரு மில்லிலீட்டருக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு, 4 மணி நேரம் என்பது 240 நிமிடம், வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42. சூத்திரத்தை மறந்தாலும் மொத்தச் சொட்டு எத்தனை, மொத்த நிமிடம் எத்தனை என்று யோசித்தால் விடை வந்துவிடும். சிறுபிள்ளைகளுக்குப் போடுகிற 60 சொட்டு செட்டில் இன்னும் சுலபம்: மணிக்கு எத்தனை மில்லிலீட்டரோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, ஏனென்றால் 60 சொட்டும் 60 நிமிடமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இதைச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பிள்ளை, இதை யாரும் இப்படிச் சொல்லவில்லையே சிஸ்டர் என்று கண் கலங்கினாள். கணக்கு வராது என்று வருடக்கணக்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

தாய்மைப் பிரிவில் நம்முடைய ஊர் விஷயம் நிறைய இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்று எல்லோரும் எழுதுவார்கள். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம், ஆனாலும் ஏறவில்லை, ஏன்? மாத்திரையை அந்தப் பெண் எதோடு விழுங்குகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் மலைக்குப் போகும் அவசரத்தில் ஒரு கோப்பைப் பிளேன்டீயோடு. தேயிலையில் இருக்கிற டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்சாது. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விட முக்கியமான போஷாக்குப் பாடம் இல்லை. தேசிக்காய்த் தண்ணீரோடு எடு, தேநீரை ஒரு மணி இரண்டு மணி நேரம் தள்ளி வை, கல்சியம் மாத்திரையைக் கூடவே விழுங்காதே, மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே. இவ்வளவையும் ஒரு தாய்க்குத் தமிழில், அவள் வெறுமனே தலையாட்டாமல் தானே திரும்பச் சொல்லும்வரை விளங்கப்படுத்தத் தெரிந்த பிள்ளை அந்தப் பகுதியை இனிப் படிக்கவே தேவையில்லை.

பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கும் அப்படித்தான். 500 மில்லிலீட்டருக்கு மேல் என்று எண்ணை எழுதுவார்கள். வயிற்றில் கைவைத்துப் பார்க்கும்போது கருப்பை தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்க்க வேண்டும் என்பதும் தெரியும். கருப்பை தொப்புளுக்கு மேலே ஏறி ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தால் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் திகைக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்து கருப்பையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அது சுருங்க இடமில்லை, முதலில் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் போகிற தாய்க்கு முழங்கால் அனிச்சை, மூச்சு வேகம், சிறுநீர் அளவு மூன்றையும் பார்ப்பதும், கல்சியம் குளுக்கோனேட்டைக் கட்டிலருகே தயாராக வைப்பதும் இதே மாதிரிக் காரணத்தோடு படிக்க வேண்டியவை.

ஒரு மருந்து அளவு மிஞ்சினால் அதை முறிக்கிற மாற்று மருந்துகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும்: ஹெப்பரினுக்கு புரோட்டமின், வார்பரினுக்கு வைட்டமின் கே, பரசிட்டமோலுக்கு அசிட்டைல்சிஸ்டீன், மோர்பினுக்கு நலோக்சோன். இதில் யோசிக்க அதிகம் இல்லை, பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிவிடலாம். கிருமித் தொற்றுத் தடுப்பும் அப்படித்தான், வாட்டில் ஒழுங்காகக் கை கழுவுகிற பிள்ளைக்கு அது தானாக வரும்.

ஒக்சிசன் விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லயத்தில் புகைபோக்கி இல்லாத அடுப்படியில் காலமெல்லாம் விறகு ஊதிய அம்மாக்கள், ஒரு சிகரட்டும் தொடாதவர்கள், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வருகிறார்கள். மூச்சு முட்டுகிறதே என்று ஒக்சிசனைக் கண்டபடி திறந்துவிட்டால் அவர்களுக்கு உடம்பில் கரியமிலவாயு ஏறி மயங்கிப் போகலாம். அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 சதவீதம். மற்றவர்களுக்குப் பார்ப்பது போல 98-க்கு ஏற்றப் பார்க்கக்கூடாது. புத்தகம் இந்த நோயைப் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களின் நோயாகக் காட்டுகிறது. நம் பிள்ளை தன்னுடைய அப்பாயியை நினைத்துப் படித்தால் மறக்கவே மாட்டாள்.

வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிவுபெற்ற தாதியாக வேலை செய்ய எழுதுகிற என்.சி.எல்.ஈ.எக்ஸ். பரீட்சை 2023 ஏப்ரலில் மாறியது. கணினியில் 85 முதல் 150 கேள்விகள், 5 மணி நேரம். இப்போது ஒரு நோயாளியின் முழுக் கதையையும் கொடுத்து, இதில் எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எதை முதலில் கவனிப்பாய், என்ன செய்யலாம், என்ன செய்வாய், செய்த பிறகு பலன் கிடைத்ததா என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். நம்முடைய பரீட்சை வேறு, அது வேறு. ஆனால் தேவைப்படுகிற மூளைப் பழக்கம் ஒன்றே. இங்கே காரணத்தோடு படித்தவள் அங்கே போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எப்படிப் படிப்பது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. வாட்டில் இருக்கும்போது ஒரு நோயாளியின் பெட் ஹெட் டிக்கட்டை (நோய், மருந்து விபரம் எழுதிய கட்டில் அட்டையை) எடுத்து, அதில் இருக்கிற ஒவ்வொரு மருந்துக்கும் இது ஏன் இவருக்கு, கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாததை மட்டும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, அன்றிரவே பார்த்துவிடுங்கள். பழைய வினாத்தாளைத் தூக்கிப்போட வேண்டாம், அது வேண்டும், ஆனால் சரியான விடையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல் மற்ற மூன்றும் ஏன் பிழை என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து தமிழிலேயே விளங்கப்படுத்திக்கொள்ளுங்கள். மனதில் தெளிவாக நிற்கிற ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுவது கஷ்டமில்லை, மனதில் கலங்கிக் கிடப்பதை எந்த மொழியிலும் எழுத முடியாது. அப்புறம், பரீட்சைக்கு முந்தைய இரவு தூங்குங்கள். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு சொட்டுக் கணக்கில் பூச்சியத்தை விட்டுவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

இனி பத்திரிகையிடம் என் வேண்டுகோள். வாரம் ஒரு அரைப்பக்கம் போதும். ஒரு நோயாளி, நான்கு விடைகள், அடுத்த வாரம் சரியான விடையும், மற்றவை ஏன் பொருந்தாது என்ற விளக்கமும். கண்டியிலும் பதுளையிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியப் பட்டப்படிப்பு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழில் விளக்கத் தெரிந்த விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன் மருந்தின் அளவுகளைத் தகுதியான ஒருவர் சரிபார்க்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. என்னைப் போல ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற சிஸ்டர்மார் மலையகத்தில் நிறையப் பேர், கேட்டால் சம்பளம் இல்லாமல் எழுதித் தருவோம்.

முதல் கேள்வியை இந்தக் கடிதத்தோடே அனுப்புகிறேன், பிரசுரிக்கலாம்:

24 வயது இளைஞர், டெங்கு, காய்ச்சலின் ஐந்தாம் நாள். காலையிலிருந்து காய்ச்சல் இல்லை, சுகமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார். பிரஷர் 100/82, நாடி 118, கைகள் குளிர்ந்திருக்கின்றன, கடைசியாகச் சிறுநீர் கழித்து ஆறு மணி நேரம் ஆகிறது. தாதியாக நீங்கள் முதலில் செய்வது எது? காய்ச்சல் விட்டதால் வீட்டுக்குப் போக ஆயத்தப்படுத்துவதா, பரசிட்டமோல் கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்வதா, நான்கு மணி நேரம் கழித்து பிரஷரைத் திரும்பப் பார்ப்பதா, உடனே டொக்டருக்கு அறிவித்து பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்கவும் சேலைன் ஏற்றவும் தயாராவதா? விடையோடு, அந்த பிரஷரில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்ன சொல்கிறது என்றும் எழுத வேண்டும்.

விடையும் விளக்கமும் எழுதி வைத்திருக்கிறேன். இடம் ஒதுக்கினால் அடுத்த தபாலிலேயே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர்,
ஹட்டன்.